இரண்டாவது எடை

என் அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘கிலோ’தான். லாரிக்காரர்கள் வைத்த பட்டம். ஒருமுறை வீட்டுக்கு வந்த கடிதத்தில்கூட ‘திரு. கிலோ அவர்களுக்கு’ என்று எழுதியிருந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்தது தீய்ந்து போயிற்று.

முப்பத்தெட்டு வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தார். தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புத் தளம், பக்கத்தில் ஒரு சின்ன அறை, அறைக்கு ஒரு சன்னல். வெறும் லாரி தளத்தில் ஏறினால் அது முதல் எடை. சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தால் இரண்டாவது எடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு. மூன்றையும் சீட்டில் எழுதி, பாதியைக் கிழித்து ஓட்டுநரிடம் கொடுத்து, மீதியைக் கம்பியில் குத்திவிட்டு, சன்னல் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரலாம். தட்டுவதற்கு முன் நகர்ந்த வண்டியின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றிருக்கிறார். பத்து டன் வண்டி, ஐம்பத்தைந்து கிலோ ஆள். வண்டிதான் நின்றது.

எடைமேடை இருந்த சரக்கு முற்றத்தின் சொந்த வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. தண்ணீர் வண்டி, குப்பை வண்டி எல்லாவற்றின் வெறும் எடையும் அவருக்கு மனப்பாடம். அவை வந்தால் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையை ஆட்டி விட்டுவிடுவார். “நம்ம வண்டி. அதை எதுக்கு நிறுத்தணும்?” என்பார்.

மனிதர்களையும் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்வார். கல்யாணம் ஆகி நான்கே வருஷத்தில், அது ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு நான் வீடு திரும்பியபோது தெரு முழுக்க ஆயிரம் கேள்வி கேட்டது. அப்பா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நாலு கிலோவை எங்கம்மா விட்டுட்டு வந்தே?” அப்புறம் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என்னைப் பற்றி அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. நான் பிறந்த பத்தாம் நாள் என்னைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் எடைமேடையின் நடுவில் படுக்க வைத்தாராம். இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும் அந்த மேடை கண்டுகொள்ளாது. “மேடையைப் பொறுத்தவரைக்கும் நீ இன்னும் பொறக்கவே இல்ல” என்று என்னைக் கேலி செய்வார். அதன் பிறகு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். ஆறாவது பிறந்த நாளில்தான் எடை காட்டும் தண்டு லேசாக எழும்பியது. அன்றைக்கு வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்து, எனக்கும் ஒரு சீட்டு எழுதினார். முதல் எடை: இருபது. மற்ற இரண்டு கட்டங்களும் காலி. அந்தச் சீட்டு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. அம்மா போய் ஆறு வருஷம், மறதி நோய் வந்து நான்கு. அம்மாவின் பெயர் முதலில் போயிற்று, அப்புறம் அண்ணனின் பெயர், கடைசியில் என்னுடையது. “நீங்க யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்று மரியாதையாகக் கேட்பார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கப் பிறர் கண்ணுக்குப் பொருத்தமான கண்ணாடி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், என் கண்ணெதிரே இருக்கிற மனிதருக்கு என்னைத் தெரியவில்லை. கோபம்தான் வரும். எனக்கு எல்லாமே முதலில் கோபமாகத்தான் வரும். அழுகை அதற்குப் பிறகு சாவகாசமாக வந்து சேரும்.

சண்டை எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க ஆரம்பித்து நான்கு மாதம்; ஒன்பது மணிக்கு வருவாள். வரும்போது ஒரு தொல்லையும் கிடையாது. “வாங்க வாங்க” என்பார். ஆறு மணிக்கு நான் வந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். அப்பா எழுந்து வந்து வாசல் கதவில் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் விரித்துவிடுவார். “போகக்கூடாது. விடமாட்டேன். அது எங்கே? அதைக் கொண்டா!” அது என்றால் எது? அவருக்கே சொல்லத் தெரியாது. பையைப் பிடித்து இழுப்பார். திருடிக்கொண்டு போகிறாள் என்று சந்தேகப்படுகிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். முதல் ஆள் இரண்டே நாளில் நின்றுவிட்டாள். இரண்டாமவளின் பை வார் அறுந்தது. மூன்றாமவளின் மணிக்கட்டில் நகக்கீறல். நடுவில் புகுந்த என் கையிலும் ஒன்று.

எதிர்த்துப் பேசாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்கிற ஆளா நான்? “அப்பா, அவங்க வீட்டுக்குப் போகணும்ப்பா! மணி ஆறு! நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல!” என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்துவேன். சரியானதைச் சரி என்று சொல்லித்தானே என்னை வளர்த்தார்? ஒரு கிலோவைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதரிடம் நான் எப்படிப் பொய் சொல்வது? இப்படி ஒரு நியாயம் பேசிக்கொண்டு தினமும் அவரிடம் தோற்றேன்.

எனக்கு வலித்தது வேறொன்று. வாசலில் யாரை வேண்டுமானாலும் நிறுத்துகிறவர் என்னை மட்டும் நிறுத்தியதே இல்லை. காலையில் கடைக்குக் கிளம்பினால் கையை இலேசாக ஆட்டுவார், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆளைப் போகவிடாமல் சண்டை போடுகிறவருக்கு நான் போனால் என்ன, வந்தால் என்ன என்று ஆகிவிட்டதோ என்று கடைக்குப் போகிற வழியெல்லாம் பொருமுவேன்.

அண்ணன் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் அதிகாரியாக இருக்கிறான். என் கைக்கீறலைப் போன் படத்தில் பார்த்ததும் பதறிவிட்டான். அவன் ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்தான். நல்ல இடம்தான், சுத்தமான இடம், படம் எல்லாம் அனுப்பினான். ஆனால் அங்கே வாசல் பூட்டியே இருக்கும், நான் மாதம் ஒருமுறைதான் போய்ப் பார்க்க முடியும்.

“இன்னும் ஒரு ஆளை வெச்சுப் பாரு. அவங்களும் நின்னுட்டாங்கன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். நீயும் மனுஷிதானே?” என்றான். அவன் வில்லன் இல்லை. அதனால்தான் அவனோடு சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

நான்காவதாக வந்தவளை நான் நாலாம் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நல்ல தாட்டியான உடம்பு. சிரித்தால் அடுத்த வீட்டு நாய் எழுந்து நிற்கும். முதல் நாள் சாயங்காலம் நான் மாடி ஏறி வரும்போதே அப்பாவின் குரல் கேட்டது. படி இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். கதவைத் திறக்க முடியவில்லை. அந்தப் பக்கம் அப்பாவின் முதுகு. வெளியில் நின்றே கத்த ஆரம்பித்தேன்.

உள்ளே இருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது. “தங்கச்சி, கொஞ்சம் கத்தாம இரு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. உக்காந்துதான் இருக்கேன்.”

கால் மணி கழித்து அப்பாவே அலுத்துப்போய் நகர்ந்தார். உள்ளே போனால், அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடையில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டு நடை குறுகல். சமையலறைக்கும் நடைக்கும் நடுவில், தட்டு நீட்டுவதற்காக ஒரு சின்ன சன்னல் உண்டு. அப்பா சமையலறைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்து அந்தச் சன்னல் வழியாக எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். அந்த முக்காலியை அவராகத்தான் அங்கே இழுத்துப் போட்டிருந்தார். அது வழியை மறைக்கிறது என்று தினமும் எடுத்து மாற்றி வைத்துக்கொண்டிருந்தவள் நான்.

“அவர் கை ஏன் இப்படிப் போகுது?” என்று அக்கா கேட்டாள்.

பார்த்தேன். வலது கை காற்றில் எதையோ இடமிருந்து வலமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகிறது. நிற்கிறது. ஒரு விரல்கடை பின்னால் வருகிறது. மறுபடி நிற்கிறது.

என் குழந்தைப் பருவம் முழுக்கப் பார்த்த கை அது. எடைத்தண்டில் குண்டை நகர்த்துகிற கை. நான்கு மாதமாக என் மூக்குக்கு முன்னால் நடந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவளுக்கு அது கண்ணில் படவில்லை.

“என்ன வேலை பார்த்தாரு ஐயா?” என்றாள் அக்கா.

சொன்னேன். முதல் எடை, இரண்டாவது எடை, சீட்டு, இரண்டு தட்டு எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது. வரும்போது சும்மா விடுகிறார். போகும்போது நிறுத்துகிறார். அவர் யாரையும் திருடி என்று நினைக்கவில்லை. எடை போடாமல், சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்டப் பார்க்கிற வண்டியைத்தான் நிறுத்தியிருக்கிறார்.

அக்கா சிரித்த சிரிப்பில் அப்பாவே சன்னலை விட்டு எட்டிப் பார்த்தார். “அடக் கடவுளே! என்னை லாரின்னு நெனைச்சிட்டாரா? இந்த உடம்பைப் பார்த்தா யாருக்கும் தோணும்தான்!”

மறுநாள் காலை, பரணில் கிடந்த எடைமெஷினைத் துடைத்து நடையில் வைத்தேன். ஏறி நின்றால் முள் சுற்றும் பழைய மெஷின். வழுக்காமல் இருக்கக் கீழே ஒரு கால்மிதியைப் போட்டேன். அப்பா வந்தார். மெஷினைப் பார்த்தார். கால்மிதியைக் காலால் தள்ளினார். திரும்பப் போட்டேன். திரும்பத் தள்ளினார். “அப்பா, சும்மா இருங்களேன்!” என்று பல்லைக் கடித்தேன். அக்கா ஏறி நின்று பார்த்தாள். கால்மிதி மேல் வைத்தால் அறுபத்தொன்பது. வெறும் தரையில் வைத்தால் எழுபத்தொன்று.

“ஐயா சொன்னதுதான் சரி. தளம் மெத்துமெத்துன்னு இருந்தா எடை எப்படிச் சரியா வரும்?” என்றாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், வேலை தெரியாத ஆளைப் பார்க்கிற பழைய அலட்சியம் அப்படியே இருந்தது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

கடையில் கண் பவர் எழுதும் தாள்கட்டு ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். அம்மாவின் ஊசிப் பெட்டியிலிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்து மரத்துண்டில் நட்டுச் சன்னலில் வைத்தேன். “ரெண்டு காலும் மேல இருக்கா?” என்று கேட்டார் அப்பா. நான்கு வருஷத்தில் அவர் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் என்றால் மிகைதான். ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. முதல் எடை: எழுபத்தொன்று. எழுத்து கோணலாக இருந்தது. எண் நேராக இருந்தது.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து அரை மணி முன்னதாகவே கிளம்பி ஓடி வந்தேன். அக்கா பையை மாட்டிக்கொண்டு, கம்பீரமாக மெஷின் மேல் ஏறினாள். முள் சுற்றி நின்றது. எழுபத்திரண்டு.

அப்பாவின் முகம் மாறியது. எழுந்தார். வந்தார். கதவில் முதுகைச் சாய்த்தார்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு. ஒரு கிலோ கூடுதல். அவர் கணக்குப்படி ஒரு கிலோ சரக்கு சீட்டில்லாமல் வெளியே போகிறது! “சும்மா எழுபத்தொண்ணுன்னு எழுதுங்கப்பா” என்று வாய் வரை வந்துவிட்டது. யாரிடம் சொல்கிறோம் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

அக்கா பதறவே இல்லை. “ஆமாங்கய்யா, சரக்கு இருக்கு” என்றாள்.

“என்ன சரக்கு?”

“சாப்பாடு. மத்தியானம் உங்க கூட உக்காந்து சாப்பிட்டேனே. நீங்கதான் இன்னும் கொஞ்சம் போட்டுக்கன்னு சொன்னீங்க.”

அப்பா பையைத் திறந்து பார்த்தார். காலி டப்பா, சீப்பு, குடை. அக்காவின் வயிற்றைப் பார்த்தார். யோசித்தார். திரும்பிப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். எழுதும் சத்தம் கேட்டது. இரண்டாவது எடை: எழுபத்திரண்டு. சரக்கு: ஒரு கிலோ, சாப்பாடு. பாதியைக் கிழித்து நீட்டினார், மீதியைக் கம்பியில் குத்தினார்.

டக், டக்.

நான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கதவு சண்டையில்லாமல் திறந்தது. அக்கா படியிறங்கும்போது நான் பின்னாலேயே ஓடினேன். “அக்கா, நாம அவரை ஏமாத்தறோமா?”

“எங்க ஏமாத்தினோம்? முள்ளு காட்டினதைத்தானே எழுதினாரு? நான் சாப்பிட்டதைத்தானே சொன்னேன்? இதுல பொய் எங்க இருக்கு, நீயே சொல்லு” என்றாள். திரும்பி மாடி ஏறும்போது சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

அதன் பிறகு எங்கள் வீடு எடைமேடையாகவே ஆகிவிட்டது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சிலிண்டரோடு ஒருமுறை, சிலிண்டர் இல்லாமல் ஒருமுறை ஏறி இறங்குவார். கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். அப்பா நெற்றியில் கை வைத்து அவருக்குச் சலாம் போடுவார். சத்தம் தாங்கவில்லை என்று முறையிட வந்த மேல்மாடி வீட்டு டீச்சரையும் ஏற்றி நிறுத்தினார். அவர் முறையீட்டை மறந்து, முள்ளைப் பார்த்து அதிர்ந்து, அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் தவறாமல் வர ஆரம்பித்தார். ஒன்றரை மாதத்தில் மூன்று கிலோ இறங்கிவிட்டது. “உங்க அப்பாவுக்குப் பயந்துதான் இனிப்பையே விட்டேன்” என்றார் என்னிடம்.

எல்லா நாளும் இப்படி இல்லை. சில நாள் காரணம் தெரியாமல் அழுவார். ஒருநாள் கம்பியில் குத்தியிருந்த சீட்டு முழுவதையும் தண்ணீரில் போட்டுவிட்டார். குளிக்க வைப்பது இன்றைக்கும் பெரும்பாடு. ஆனால் ஆறு மணி ஆகப் போகிறதே என்று இப்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

அண்ணன் நம்பவில்லை. “போன்ல எல்லாம் நல்லாத்தான் சொல்லுவே. நேர்ல வந்து பார்க்கறேன்” என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். நாலாம் அக்காவுக்கு அன்று விடுமுறை. அண்ணனின் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. இல்லத்தில் சேர்ப்பதற்கான படிவம். அவன் கையெழுத்துப் போட்டாயிற்று. கீழே என் கையெழுத்துதான் பாக்கி.

வாசலில், “ஷூவைக் கழட்டிட்டு இதுல ஏறு அண்ணா” என்றேன்.

“என்ன கூத்து இது? நீயும் சேர்ந்து ஆடறியா?” என்று மெஷினைத் தாண்டி ஒரே எட்டில் உள்ளே போய்விட்டான். சன்னலில் அப்பாவின் கை பாதியில் நின்றது.

மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. அப்பா அவனிடம் மரியாதையாக, “எந்த ஊரு சார்?” என்று கேட்டார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாலு மணிக்குக் கிளம்பினான். எழுந்தார் அப்பா. கதவில் முதுகு, விரித்த கைகள். முதல் எடை இல்லாத வண்டி. இரண்டாவது எடை எப்படிப் போடுவது?

“இப்ப ஏறித் தொலையறேன், சரியா?” என்று அண்ணன் மெஷினில் ஏறினான். அப்பா முள்ளைப் பார்க்கவே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அண்ணன் அவர் தோளைத் தொட்டு நகர்த்தப் பார்த்தான். அப்பா கையை ஓங்கினார்.

“பார்த்தியா? இதைத்தான் சொல்றேன்!” என்று சட்டைப்பையிலிருந்து தாளை உருவினான் அண்ணன். “போடு கையெழுத்து. அடுத்த வாரமே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அக்கா இல்லை. நான்தான் இருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் கத்துவேன். அன்றைக்குக் கத்தவில்லை. முற்றத்தில் ஒரு வண்டி எடை போடாமல் உள்ளே நுழைந்துவிட்டால் அப்பா என்ன செய்வார் என்று யோசித்தேன். எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். பள்ளி விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதானே கிடப்போம்?

“அண்ணா, ரிவர்ஸ் எடு” என்றேன்.

“என்னது?”

“எடை போடாம உள்ள வந்த வண்டியைப் பின்னாடியே வெளிய அனுப்பித்தானே திரும்ப உள்ள விடுவாரு? மறந்துட்டியா? எடு ரிவர்ஸ்.”

சுவரை உள்ளங்கையால் தட்டினேன், லாரியின் பக்கவாட்டைத் தட்டுகிற மாதிரி. “வா… வா… வா… வரலாம்…”

அப்பாவின் கை கீழே இறங்கியது. கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார். அண்ணன் என்னை முறைத்தான். எண்பது கிலோவுக்கு மேல் இருக்கிற அதிகாரி, கையில் படிவத்தோடு, காலுறையோடு, ஓர் அடி பின்னால் வைத்தான்.

“லெப்ட்ல ஒடி!” இது அப்பா. கணீரென்று. “இன்னும் ஒடி! சொவத்துல இடிக்கப் போறான் பாரு!”

அண்ணனின் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறான் என்று நினைத்தேன். கையைத் தூக்கி, இல்லாத ஸ்டீயரிங்கை ஒடித்தான். பத்து வயதில் அந்த முற்றத்தில் அவன் செய்தது அதேதான். அப்பா சொல்லச் சொல்ல, வாயால் இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டு பின்னாலேயே போய்ப் படிக்கட்டு வரை போய்விட்டான். மேல்மாடி வீட்டு டீச்சர் மேல்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

“போதும், போதும்! இப்ப நேரா உள்ள வா!”

வந்தான். ஏறி நின்றான். முதல் எடை: எண்பத்து நாலு. “போய்ச் சரக்கு ஏத்திட்டு வா” என்றார் அப்பா. இரண்டு வாழைப்பழத்தையும் ஒரு டம்ளர் டீயையும் கொடுத்தேன். அண்ணன் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறினான். எண்பத்து நாலரை.

அப்பா முள்ளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

“அரைக் கிலோ ஏத்தவா இவ்வளவு தூரம் வந்தே?”

அவர் எடையைத்தான் சொன்னார். ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை வந்துபோகிற அண்ணன் மெஷின் மேலேயே நின்றான். கண் நிறைந்துவிட்டது.

தாள்கட்டு தீர்ந்திருந்தது. அப்பா வெறும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சன்னல் வழியாகக் கையை நீட்டி விரலை ஆட்டினார். நான் அலமாரிப் பக்கம் ஓடப் போனேன். அண்ணன் அதற்குள் கையில் இருந்த படிவத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி நீட்டினான். அப்பா நிதானமாக எழுதினார். நடுவில் மடித்து, நகத்தால் நீவி, இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதி அண்ணனுக்கு. அவன் கையெழுத்து இருந்த பாதியைக் கம்பியில் குத்தினார்.

டக், டக்.

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே அண்ணன் சொன்னான்: “அந்த இடத்தை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன். அடுத்த மாசம் வரேன். நெறையச் சமைச்சு வை.” படிக்கட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கினான். வளைவில் திரும்பி, “லெப்ட்ல ஒடிக்கட்டுமா?” என்று கத்தினான்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அப்பா முக்காலியிலேயே இருந்தார். என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு நானும் மெஷினில் ஏறினேன். எல்லாரையும் போட்டாயிற்று, என்னை ஒருநாள்கூடப் போடவில்லையே என்கிற அந்தப் பழைய வீம்புதான்.

“எனக்கும் ஒரு சீட்டு போடுங்கப்பா.”

அவர் தலையை நிமிர்த்தாமலே கையை ஆட்டினார், தினமும் காலையில் ஆட்டுகிற மாதிரி. “ஒனக்கு எதுக்கு? நீ நம்ம வண்டி.”

நான் மெஷினை விட்டு இறங்கவில்லை.

“பரவால்ல. போடுங்க” என்றேன்.

அலுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முள் அறுபத்து மூன்றில் நின்றது. தாள்கட்டின் அட்டையைக் கிழித்து எழுதினார். முழுசாக எழுதி முடித்து, எண்களின் மேல் ஒருமுறை விரலை ஓட்டிச் சரிபார்த்துவிட்டு நீட்டினார்.

முதல் எடை: இருபது.

இரண்டாவது எடை: அறுபத்து மூன்று.

சரக்கு: நாற்பத்து மூன்று கிலோ. நம்ம வீட்டுச் சாப்பாடு.

பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன், அதிசயமாக இந்தத் தடவை கோபம் முன்னால் வரவில்லை. கீழே முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

“ஆடாம நில்லும்மா” என்று சன்னலுக்குள்ளிருந்து அதட்டினார் அப்பா. “எடை தப்பாயிடும்.”